காதலிக்க யாருக்கு அனுமதி? சினிமா ஜோடிகளைப் பற்றி நம் ஊர்க்காரர்கள் கேட்ட கேள்விகள்

பாலக்காடு மாவட்டத்தில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி, கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோவிந்தாபுரம் பக்கம் இருக்கிற நமக்குத் தமிழ் சினிமாவும் சொந்தம், மலையாள சினிமாவும் சொந்தம். நூலகத்தில் மாதம் ஒரு படம் போட்டு, முடிந்தபின் உட்கார்ந்து பேசுகிறோம். இனம், நிறம் கடந்த காதலைத் திரையில் எப்படிக் காட்டுகிறார்கள், அதற்கு யாரை நடிக்க வைக்கிறார்கள் என்று ஒருமுறை பேச்சு வந்தது. அன்றிலிருந்து கேள்விகள் நிற்கவில்லை. வாட்ஸ்அப்பில் வந்தவை, பஸ் ஸ்டாப்பில் நிறுத்திக் கேட்டவை எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன். நான் தமிழ் மீடியம் பள்ளியில் பாடம் நடத்தியவள், சினிமாத் தொழிலில் இருந்தவள் கிடையாது. ஆனால் படம் பார்க்கிற பிள்ளைகளோடு பல வருஷம் இருந்திருக்கிறேன். அதனால்தான் இதைப் பேசாமல் விட மனம் வரவில்லை.

டீச்சர், இரட்டை அளவுகோல் என்று நீங்கள் எதைச் சொல்கிறீர்கள்?

நம்ம பையன் வேற்று இனத்துப் பெண்ணைக் காதலித்தால் தியேட்டரில் விசில். நம்ம பெண் வேற்று இனத்து ஆணைக் காதலித்தால் அந்தக் கதையை எழுதவே ஆள் இல்லை. தப்பித்தவறி எழுதினாலும் கடைசி ரீலுக்குள் அவள் சாக வேண்டும், இல்லையென்றால் மனசை அடக்கிக்கொண்டு வீடு திரும்ப வேண்டும். ஆண் காதலித்தால் வெளியிலிருந்து ஒருத்தியைக் கொண்டுவந்தான் என்று நினைக்கிறோம். பெண் காதலித்தால் நம்மை விட்டுப் போய்விட்டாள் என்று நினைக்கிறோம். பெண்ணைக் குடும்பத்தின், ஜாதியின், நாட்டின் சொத்தாகப் பார்க்கிற புத்திதான் இதற்கு அடி. இது நம் ஊர் சினிமாவில் மட்டும் இருக்கிற வியாதி இல்லை. ஹாலிவுட்டில் இதைச் சட்டம் மாதிரி எழுதியே வைத்திருந்தார்கள்.

எழுதியே வைத்திருந்தார்களா? நிஜமாகவா?

நிஜமாகத்தான். ஹாலிவுட் படக் கம்பெனிகள் 1930-ல் தங்களுக்குள் ஒரு விதித்தொகுப்பை ஏற்றுக்கொண்டன. 1934-லிருந்து அதைக் கறாராக நடைமுறைப்படுத்தினார்கள். ஹேஸ் விதிகள் என்று சொல்வார்கள். வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் இடையே காதல் உறவைக் காட்டக் கூடாது என்பது அதில் ஒரு விதி. எழுத்தில் கறுப்பர், வெள்ளையர் என்றுதான் இருந்தது. ஆனால் ஆசியர்களையும் அதே விதியால்தான் அடித்தார்கள்.

அன்னா மே வாங் என்று ஒரு நடிகை. லாஸ் ஏஞ்சல்ஸில் பிறந்த சீன வம்சாவளிப் பெண். நல்ல பெயர் வாங்கியிருந்தார். சீன விவசாயக் குடும்பத்தைப் பற்றிய 'தி குட் எர்த்' படத்தை எம்.ஜி.எம். கம்பெனி எடுத்தபோது, நாயகி வேடம் அவருக்குத்தான் வரும் என்று பலர் நினைத்தார்கள். ஆனால் நாயகனாக பால் முனி என்ற வெள்ளை நடிகரை முதலில் முடிவு செய்துவிட்டார்கள். அவர் முகத்துக்கு மேக்கப் போட்டுச் சீனராக நடிப்பார். அவருக்கு மனைவியாக உண்மையான சீனப் பெண் நடித்தால் வெள்ளைக்காரரும் ஆசியப் பெண்ணும் ஜோடி ஆகிவிடுகிறார்களே! கதையில் இருவரும் சீனர்கள்தான். அப்படியும் கூடாது. ஆகவே லூயி ரெய்னர் என்ற வெள்ளை நடிகைக்கும் சீன மேக்கப் போட்டார்கள். படம் 1937-ல் வந்தது, ரெய்னருக்கு ஆஸ்கர் கிடைத்தது. அன்னா மே வாங்கைக் கேட்டது, அந்தக் குடும்பத்தைக் கெடுக்கிற இரண்டாம் மனைவி வேடத்துக்கு. அவர் மறுத்துவிட்டார். விதியை எழுதியவர்கள் ஒரு முத்தத்தைத் தடுத்ததாக நினைத்திருக்கலாம். பறிபோனது ஒரு நடிகையின் வாழ்நாள் வேடம்.

1957-ல் வந்த 'ஐலண்ட் இன் தி சன்' படத்தையும் சொல்ல வேண்டும். அதில் இனம் கடந்த ஜோடிகள் இரண்டு. டோரதி டான்ட்ரிட்ஜ் என்ற கறுப்பு நடிகைக்கு ஒரு வெள்ளைக்காரரோடு ஜோடி. ஹாரி பெலஃபோன்டே என்ற கறுப்பு நடிகருக்கு ஜோன் ஃபோன்டைன் என்ற வெள்ளை நடிகையோடு ஜோடி. வெள்ளை ஆணும் கறுப்புப் பெண்ணும் கட்டிக்கொள்ளலாம், கடைசியில் சேர்ந்து ஊரை விட்டும் போகலாம். கறுப்பு ஆணும் வெள்ளைப் பெண்ணும் ஒரு முத்தம்கூட இல்லாமல் பிரிய வேண்டும். ஒரே படம், ஒரே தீவு. எந்தப் பக்கத்தில் பெண் நிற்கிறாள் என்பதை வைத்து முடிவு மாறுகிறது. இந்த விஷயத்துக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

பத்து வருஷம் கழித்து, 1967-ல், இனம் கடந்த கல்யாணத்தைத் தடுக்கிற சட்டங்கள் செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. சிட்னி பாய்ட்டியர் என்ற கறுப்பு நடிகர் ஒரு வெள்ளைப் பெண்ணைக் கட்டிக்கொள்ளப் போகிற டாக்டராக நடித்த 'கெஸ் ஹூஸ் கமிங் டு டின்னர்' அதே வருஷம் வந்தது. அந்தப் படத்திலும் முத்தம் ஒன்றே ஒன்று. அதுவும் டாக்ஸிக்காரர் பார்க்கிற கண்ணாடிக்குள் தெரிகிறது.

அதெல்லாம் பாட்டி காலத்துக் கதை. இப்போது மாறிவிட்டதே?

விதி போய்விட்டது, பயம் போகவில்லை. 2000-ல் வந்த 'ரோமியோ மஸ்ட் டை' பெயரிலேயே ரோமியோ இருக்கிறான். சீன நடிகர் ஜெட் லீயும் கறுப்புப் பாடகி ஆலியாவும் ஜோடி. கடைசியில் முத்தமிடுவதாகத்தான் எடுத்தார்கள். வெளியிடும் முன் போட்டுக் காட்டிய சோதனைத் திரையிடலில் பார்த்தவர்களுக்குப் பிடிக்கவில்லை என்று அதைத் தூக்கிவிட்டு ஒரு அணைப்போடு முடித்தார்கள். சண்டையில் அத்தனை பேரை அடித்துப்போடுகிற சீன நாயகனுக்கு ஒரு முத்தம் கிடைக்கவில்லை.

'ஹிட்ச்' படம் 2005-ல் வந்தபோது வில் ஸ்மித்தே வெளிப்படையாகப் பேசினார். ஜோடியாகக் கறுப்பு நடிகையைப் போட்டால் இது கறுப்பர்களுக்கான படம் என்று ஒதுக்கிவிடுவார்கள் என்று பயம். வெள்ளை நடிகையைப் போட்டால் உள்ளூரில் எதிர்ப்பு வரும் என்று பயம். அதனால் லத்தீன் வம்சாவளி நடிகை ஈவா மெண்டஸைத் தேர்ந்தெடுத்தார்களாம். ஒரு நகைச்சுவைக் காதல் படத்துக்கு ஜோடி தேடும்போதே இவ்வளவு கணக்குப் போட வேண்டியிருக்கிறது.

வெள்ளைக்காரர் ஆட்சியில் நம் நாட்டில் எப்படி?

நம் ஆட்கள் வெள்ளைக்காரப் பெண்களைத் திரையில் எப்படிப் பார்க்கிறார்கள் என்ற கவலை அரசாங்கத்துக்கு நிறையவே இருந்தது. அமெரிக்கப் படங்களில் வெள்ளைப் பெண்கள் ஆடுவதையும் முத்தமிடுவதையும் இந்தியர்கள் பார்த்தால் ஆளும் இனத்தின் கௌரவம் போய்விடும் என்று பேசினார்கள், எழுதினார்கள். 1927-ல் சினிமாவை விசாரிக்க ஒரு குழு போட்டதற்குப் பின்னால் இந்தக் கவலையும் உண்டு. குழுத் தலைவர் மதராஸ் வக்கீல் திவான் பகதூர் டி. ரங்காச்சாரியார். நாடு முழுக்கச் சாட்சி கேட்டு எழுதிய அந்த அறிக்கை இன்றைக்கும் படிக்கத் தகுந்தது.

சுதந்திரத்துக்குப் பிறகு, அந்த ஆட்சியின் கடைசிக் காலத்தை வைத்து ஹாலிவுட் எடுத்த 'பவானி ஜங்ஷன்' 1956-ஐச் சேர்ந்தது. ரயில்வே காலனி ஆங்கிலோ இந்தியப் பெண்ணாக ஆவா கார்ட்னர். அவளைக் கட்டிக்கொள்ள ஆசைப்படுகிற சீக்கிய இளைஞனாக, தோலுக்குச் சாயம் பூசிய ஓர் ஆங்கில நடிகர். நாவலில் அவள் தன் சொந்தச் சமூகத்து ஆணிடம் திரும்புகிறாள். சினிமாவில் அவனைச் சாகடித்துவிட்டு ஆங்கிலேயக் கர்னலோடு சேர்த்துவைத்தார்கள். ஒலவக்கோடு ரயில்வே காலனிப் பக்கம் வளர்ந்தவர்கள் இந்தப் படத்தைப் பார்த்துவிட்டு எனக்குச் சொல்லுங்கள்.

தமிழ், தெலுங்குப் படங்களில் வெள்ளைக்கார ஹீரோயின் வருகிறாரே, அது முன்னேற்றம்தானே?

பாதி முன்னேற்றம். 2010-ல் 'மதராசபட்டினம்' வந்தது. சலவைத் தொழிலாளிப் பையனும் கவர்னர் மகளும். 2022-ல் 'ஆர்.ஆர்.ஆர்.', அதே வருஷம் சிவகார்த்திகேயனின் 'பிரின்ஸ்'. மூன்றிலும் ஆண் நம்மவன், பெண் வெள்ளைக்காரி. 'மதராசபட்டினம்' எனக்குப் பிடித்த படம். வண்ணான் துறைப் பையனுக்கு அவ்வளவு கண்ணியம் கொடுத்த படம் அதிகம் கிடையாது. ஆனால் மூன்றையும் அடுத்தடுத்துப் பாருங்கள். நல்ல வெள்ளைக்காரியை ஹீரோவுக்குக் கொடுத்துவிடுகிறார்கள். கவர்னர் மகளோ கவர்னர் வீட்டுப் பெண்ணோ நம் பையனை விரும்பினால் அடிமைப்பட்ட நாட்டுக்கு ஒரு வெற்றி கிடைத்த மாதிரி மனசு குளிர்கிறது. அந்த மகிழ்ச்சியை நான் குறை சொல்லவில்லை. அந்தப் பெண்ணை ஒரு கோப்பையாக ஆக்குவதைத்தான் சொல்கிறேன்.

எமி ஜாக்சன் விஷயத்தில் இன்னொன்றும் நடந்தது. 'மதராசபட்டின'த்தில் ஆங்கிலேயப் பெண்ணாகவே வந்தார், சரி. அப்புறம் அவரையே நம் ஊர்ப் பெண்ணாக நடிக்க வைக்க ஆரம்பித்தார்கள். 2016-ல் வந்த 'தெறி'யில் அவர் ஆனி, கேரளப் பள்ளிக்கூடத்து மலையாளி டீச்சர்! தலைமுடிக்குக் கறுப்பு, வேறொருவர் டப்பிங் குரல். நான் வேலை பார்த்த பள்ளிகளில் எத்தனை மலையாளி டீச்சர்கள்! கறுப்பானவர்கள், மாநிறமானவர்கள், எண்ணெய் வைத்துத் தலை பின்னி மூன்று பஸ் மாறி வருகிறவர்கள். அந்த வேடத்துக்கு லிவர்பூல் பக்கத்திலிருந்து ஆள் வர வேண்டியிருக்கிறது. எமி ஜாக்சன் மேல் எனக்குக் கோபம் இல்லை, கூப்பிட்டார்கள், வந்தார். கூப்பிட்டவர்கள் ஒரு கறுத்த டீச்சரைக் கற்பனை செய்து பார்க்கவே இல்லையே என்பதுதான் வருத்தம்.

நம்ம பெண் வெள்ளைக்காரனைக் காதலிக்கிற படமே இல்லையா?

இருக்கிறது, கொஞ்சம். சந்தோஷ் சிவன் எடுத்த 'பிஃபோர் தி ரெய்ன்ஸ்' 1930-களின் மலபாரில் நடக்கிறது. ஆங்கிலேயத் தோட்டக்காரனுக்கும் அவன் வீட்டில் வேலை செய்கிற, கல்யாணமான சஜனிக்கும் உறவு. நந்திதா தாஸ் அருமையாக நடித்திருக்கிறார். விஷயம் வெளியே தெரிந்ததும் ஊர் அவளைத் தேடுகிறது, அவன் அவளைக் கைவிடுகிறான், அவள் சாகிறாள். அந்தக் காலத்தில் அப்படித்தான் நடந்திருக்கும் என்று வாதிடலாம், நானும் ஒப்புக்கொள்வேன். படமும் அவள் பக்கம்தான் நிற்கிறது. ஆனால் 1947 மதராஸில் நடக்கிற கதையில் சலவைத் தொழிலாளிக்குச் சரித்திரத்தை மீறிக் காதலிக்க இடம் கொடுத்த சினிமா, ஒரு வேலைக்காரப் பெண்ணுக்கு அந்த இடத்தை எப்போது கொடுக்கும்?

'இங்கிலீஷ் விங்கிலீஷ்' இன்னும் நுட்பமானது. ஸ்ரீதேவியின் சசி, நியூயார்க் ஆங்கில வகுப்பில் லோரான் என்ற பிரெஞ்சு சமையல்காரரைப் பார்க்கிறாள். அவன் பிரெஞ்சில் பேசுவான், இவள் தன் பாஷையில் பதில் சொல்வாள். ஒருவர் சொல்வது மற்றவருக்குப் புரியாது. வருஷக்கணக்கில் வீட்டில் யாரும் தன்னைக் கவனித்துப் பார்க்காத ஒரு பெண்ணை ஒருவன் கவனித்துப் பார்க்கிறான், அவ்வளவுதான். தன்னைத் தானே மதிக்கக் கற்றுக்கொடுத்ததற்கு அவனுக்கு நன்றி சொல்லிவிட்டுக் குடும்பத்தோடு திரும்புகிறாள். அவள் எடுத்த முடிவை நான் மதிக்கிறேன். ஒரு கல்யாணமான ஹீரோவிடம் ஒரு வெள்ளைக்காரி இப்படி மனசைத் திறந்தால் ஒரு டூயட்டாவது வைத்திருப்பார்கள் என்றும் நினைக்கிறேன்.

டீச்சர், ரோசி கதையை எல்லாரும் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகிறார்கள். கொஞ்சம் விவரமாகச் சொல்ல முடியுமா?

முடியும், சொல்லவும் வேண்டும். பி.கே. ரோசி மலையாள சினிமாவின் முதல் கதாநாயகி. திருவனந்தபுரம் நந்தன்கோட்டில் புலையர் என்ற தலித் ஜாதிக் குடும்பத்தில் பிறந்தவர். புல் அறுத்துப் பிழைத்த வீடு. காக்காரிசி நாடகத்தில் நடித்தார். தமிழும் மலையாளமும் கலந்து பேசிப் பாடுகிற நாடகம் அது, நம் எல்லைப் பேச்சைக் கேட்டவர்களுக்கு அந்நியமாக இருக்காது.

ஜே.சி. டேனியல், இப்போது கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கிற அகஸ்தீஸ்வரத்துக்காரர். தமிழ் நாடார் கிறிஸ்தவக் குடும்பம். சொத்தை விற்றுத் திருவனந்தபுரத்தில் ஸ்டூடியோ போட்டு 'விகதகுமாரன்' என்ற மௌனப் படத்தை எடுத்தார். நடிக்கப் பெண் கிடைக்கவில்லை. பம்பாயிலிருந்து ஒருவரை வரவழைக்கப் பார்த்து அதுவும் சரிப்படவில்லை. கடைசியில் ரோசி. கதையில் அவருக்குச் சரோஜினி என்ற நாயர் பெண் வேடம். பகலில் நாயர் பெண்ணாகப் புடவை கட்டி நகை போட்டு நடிப்பார், மாலையில் தன் குடிசைக்குத் திரும்புவார்.

திருவனந்தபுரம் கேப்பிடல் தியேட்டரில் படம் திரையிட்டபோது ரோசியை உள்ளே விடவில்லை. திறந்துவைக்க வந்த பெரிய மனிதர், அவள் இருந்தால் நான் வரமாட்டேன் என்றார் என்று பதிவு இருக்கிறது. படத்தில் நாயகனாக நடித்தவரும் டேனியல்தான். அவன் சரோஜினியின் தலையில் இருக்கிற பூவை எடுத்து முத்தமிடுகிற காட்சி வந்தது. பூவுக்குத்தான் முத்தம். தியேட்டரில் கல் பறந்தது, திரை கிழிந்தது. தலித் பெண் நாயர் பெண்ணாக நடித்ததைப் பொறுக்க முடியாதவர்கள் அவர் குடிசையையும் கொளுத்தினார்கள். இரவோடு இரவாக நாகர்கோவில் போகிற லாரியில் ஏறித் தப்பித்தார். லாரி ஓட்டிய கேசவ பிள்ளையையே பிறகு கல்யாணம் செய்துகொண்டு ராஜம்மாளாக வாழ்ந்தார். அன்றைக்கு நாகர்கோவிலும் திருவிதாங்கூர் சமஸ்தானம்தான், 1956 நவம்பர் 1-ல்தான் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. ஆனாலும் தமிழ் பேசுகிற அந்தப் பக்கத்தில் அவரை யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. அதுவே அவரைக் காப்பாற்றியது. பிறகு அவர் நடிக்கவே இல்லை.

படத்தின் பிரதி இன்று இல்லை. டேனியல் வறுமையில் 1975-ல் இறந்தார். கேரள அரசு 1992-லிருந்து அவர் பெயரில் விருது கொடுக்கிறது. ரோசியின் பெயரை மலையாளப் பெண் கலைஞர்கள் 2019-ல் ஒரு திரைப்படச் சங்கத்துக்கு வைத்தார்கள். 2023 பிப்ரவரி 10 அன்று கூகுள் தன் முகப்பில் அவர் படம் போட்டது.

அது ஜாதிப் பிரச்சினை. இனப் பிரச்சினையோடு ஏன் சேர்க்கிறீர்கள்?

இரண்டும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. அன்னா மே வாங்கைத் தள்ளிவைத்ததும் ரோசியை விரட்டியதும் ஏறக்குறைய ஒரே காலம். அங்கே சீனப் பெண் சீனப் பெண்ணாக நடிக்கக் கூடாது என்றார்கள், இங்கே புலையப் பெண் நாயர் பெண்ணாக நடிக்கக் கூடாது என்றார்கள். வேடம் வேறு, ஆள் வேறு என்று சினிமா சொன்னாலும் பார்க்கிறவர்களுக்கு அந்த உடம்பு யாருடையது என்பது மறக்கவில்லை. யார் யாரைத் தொடலாம் என்பதுதான் இரண்டு இடத்திலும் சண்டை. அதனால் சேர்த்துப் பேசுகிறேன்.

ஆண்களுக்கு இந்தக் கஷ்டம் இல்லையா?

கறுத்த ஆணுக்கு உண்டு, அவனுக்குப் பின்னால் ஜாதியும் தெரிந்தால் இன்னும் உண்டு. கலாபவன் மணி சாலக்குடியில் ஆட்டோ ஓட்டியவர், தலித். மிமிக்ரி மேடையிலிருந்து வந்து நடிப்பில் அத்தனை பேரையும் கட்டிப்போட்டவர். அவருக்கு ஜோடியாக நடிக்க நடிகைகள் தயங்கினார்கள், மறுத்தார்கள் என்று இயக்குநர் வினயன் பலமுறை பேசியிருக்கிறார். வினயன் எடுத்த 'வாசந்தியும் லக்ஷ்மியும் பின்னே ஞானும்' படத்தில் கண் தெரியாத பாடகனாக நடித்து தேசிய விருதுக் குழுவின் சிறப்புப் பாராட்டு வாங்கினார் மணி. அப்படியும் தமிழில் நாம் அவரை எதற்குக் கூப்பிட்டோம்? 'ஜெமினி'யில் மிருகம் மாதிரி குரல் கொடுத்து மிரட்டுகிற வில்லனாக. நானும் ரசித்தேன். ஆனால் நம் தமிழ் சினிமா அவரைக் காதலிக்க விடவில்லை.

நம் கறுத்த ஹீரோக்கள் காதலிக்கிறார்களே என்பீர்கள். ஆமாம், அவர்கள் பக்கத்தில் நிற்பது யார்? கறுப்பு நிறம் ஆணுக்கு என்றால் அழகு, பெண்ணுக்கு என்றால் குறை என்பதுதான் இருபது முப்பது வருஷத்துக் காஸ்டிங் சொல்கிற செய்தி. என் வகுப்பில் முகப்பவுடர் அப்பிக்கொண்டு வருகிற பெண் பிள்ளைகளுக்கு அந்தச் செய்தி நன்றாகவே போய்ச் சேர்ந்திருக்கிறது.

ஆப்பிரிக்க நடிகர்கள்?

தமிழில் பெரும்பாலும் போதை மருந்துக் கும்பல். 'சிங்கம் 2'-ல் வில்லனாக வந்த டேனி சபானி லண்டன் மேடையில் பேர் வாங்கிய நடிகர் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

மலையாளத்தில் 2018-ல் 'சுடானி ஃப்ரம் நைஜீரியா' வந்தது. மலப்புறத்தில் செவன்ஸ் என்கிற, அணிக்கு ஏழு பேர் ஆடும் ஃபுட்பால் ஆட வந்த நைஜீரிய ஆட்டக்காரர் சாமுவேல் காயம்பட்டு மேனேஜர் மஜீதின் வீட்டில் படுத்திருக்கிறார். இரண்டு வயசான அம்மாக்கள் அவரைப் பிள்ளையாகப் பார்த்துக்கொள்கிறார்கள். மண்ணார்க்காடு, பட்டாம்பி மைதானங்களில் இப்படிப்பட்ட ஆட்டக்காரர்களைப் பார்த்தவர்களுக்கு அந்தப் படம் நெஞ்சில் ஒட்டிக்கொள்ளும். அந்த உம்மாக்களை நினைத்தால் இப்போதும் எனக்குக் கண் கலங்கும். ஆனால் கல்யாணம், பெண் பார்ப்பது, காதல் ஏக்கம் எல்லாம் மஜீதுக்கு. சாமுவேலுக்குத் தாய்ப்பாசம், நட்பு, ஊர்க்காரர்களின் அன்பு. அந்தத் தெருவில் ஒரு பெண்கூட அவரை ஆணாக நிமிர்ந்து பார்ப்பதில்லை. கதைக்கு அது தேவையில்லை என்று சொல்லலாம், நியாயம்தான். அடுத்தடுத்து எந்தக் கதைக்கும் தேவைப்படாமலே போவதைத்தான் கவனிக்கச் சொல்கிறேன். அதில் நடித்த சாமுவேல் அபியோலா ராபின்சன் தனக்குக் குறைவான சம்பளம் கொடுத்ததாகவும் அதற்கு நிறம் காரணம் என்றும் வெளியில் சொன்னார். பிறகு பணம் கொடுத்துப் பேசித் தீர்த்துக்கொண்டார்கள், அவரும் அந்தக் குற்றச்சாட்டைத் திரும்பப் பெற்றார்.

மலையாளப் படத்தில் தமிழ்ப் பெண், தமிழ்ப் படத்தில் மலையாளப் பெண்: நம் ஊர்க்காரர்களுக்கு எது வலிக்க வேண்டும்?

இரண்டும். தமிழ்ப் படத்தில் மலையாளப் பெண் என்றால் முண்டும் ரவிக்கையும், டீக்கடையும், ஈரத் தலைமுடியும், ஒரு மாதிரியான சிரிப்பும். மலையாளப் படத்தில் தமிழ்ப் பெண் என்றால் வீட்டு வேலைக்காரி, பூக்காரி, அல்லது நாயகன் லாட்ஜில் சந்திக்கிற யாரோ. தமிழர்களை இளக்காரமாகச் சொல்கிற 'பாண்டி' என்ற வசவை நம் பிள்ளைகள் பாலக்காட்டுக் கல்லூரியில் கேட்டுவிட்டு வந்து சொல்லியிருக்கிறார்கள். அங்கே நம் பெண் மலிவு, இங்கே அவர்கள் பெண் மலிவு. நம் தெருவில் அம்மா தமிழ், அப்பா மலையாளம் என்று எத்தனை வீடு இருக்கிறது! சித்தூர் தாலுகாவில் கல்யாணப் பத்திரிகைகளையே இரண்டு மொழியில் அடிக்கிறோம். எல்லை தாண்டிய காதலுக்கு நம் வீடுகளைவிட நல்ல கதை வேறெங்கே கிடைக்கும்? அதை இரண்டு சினிமாவும் இதுவரை ஒழுங்காகப் பார்க்கவில்லை.

நடிப்பு என்றால் யாரும் யாராகவும் நடிக்கலாமே. 'ஜெய் பீம்' செங்கேணியாக நடித்தவர் மலையாளிதானே?

ஆமாம், லிஜோமோள் ஜோஸ், இடுக்கி பீர்மேட்டுக்காரர். அந்த நடிப்பில் நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். ஆனாலும் இருளர் பெண்ணின் கதையில் இருளர் பெண்ணுக்கு நாயகி வேடம் கிடைக்கவில்லை, நடித்தவரின் நிறத்தைக் கறுப்பாக்கித்தான் எடுத்தார்கள். யாரும் யாராகவும் நடிக்கலாம் என்ற விதி இரண்டு பக்கமும் ஓடினால் எனக்குச் சம்மதம். ஓர் இருளர் பெண் நாளைக்கு ஐ.டி. கம்பெனி நாயகியாக, பெரிய ஹீரோவுக்கு ஜோடியாக வந்தால் அப்போது பேசலாம். சாயம் எப்போதும் ஒரே திசையில்தான் பூசப்படுகிறது.

'பிரிட்ஜர்டன்' பார்த்தீர்களா? தமிழ்ப் பெண்கள் கலக்குகிறார்களே!

பார்த்தேன். பழைய இங்கிலாந்துப் பிரபுக் குடும்பங்களின் காதலைச் சொல்கிற ஆங்கிலத் தொடர் அது. 2022-ல் வந்த இரண்டாம் சீசனில் தமிழ் வம்சாவளியைச் சேர்ந்த சிமோன் ஆஷ்லியும் சரித்ரா சந்திரனும் அக்கா தங்கையாக வருகிறார்கள். கறுத்த நிறப் பெண்ணை, நிறத்தை வெளுத்துக் காட்டாமல், ஒரு பிரபு ஏங்கி ஏங்கிக் காதலிக்கிறான். இதைப் பார்த்துவிட்டு என் பழைய மாணவி ஒருத்தி, 'டீச்சர், அவ என் நிறம்' என்று மட்டும் மெசேஜ் அனுப்பினாள். எனக்கு அது போதும். காதலன் வெள்ளைக்காரனாக இருந்தால்தான் நம் பெண்ணின் அழகு செல்லுபடியாகிறதா என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. அதற்கு நாம்தான் வெட்கப்பட வேண்டும். சென்னையிலோ கொச்சியிலோ அந்த இரண்டு பெண்களில் ஒருவரையாவது அந்த நிறத்தோடு நாயகியாகப் போட்டிருப்போமா?

ஜனங்கள் கேட்பதைத்தான் தயாரிப்பாளர் கொடுக்கிறார். அவர் பணம் போடுகிறாரே?

பணம் போடுகிறவரின் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் காட்டாத ஒன்றை ஜனங்கள் வேண்டாம் என்றார்கள் என்று எப்படிச் சொல்வது? கும்பளங்கி, மலப்புறம், மதுரைத் தெரு என்று சின்ன இடத்துக் கதைகள் ஓடாது என்றுதான் முன்பு சொன்னார்கள். ஓடின.

டீச்சர், நாங்கள் ஒரு குறும்படம் எடுக்கிறோம். கஞ்சிக்கோட்டுத் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் அசாம் பையனும் கொழிஞ்சாம்பாறை ஜவுளிக்கடைப் பெண்ணும் காதலிக்கிறார்கள். 'நம்ம பொண்ணை ஏண்டா அப்படிக் காட்டுறீங்க, பையனை நம்மாளா மாத்துங்க, பொண்ணு அசாம்னு வைங்க' என்கிறார்கள் வீட்டில். மாற்றலாமா?

மாற்றாதீர்கள். உங்கள் வீட்டில் சொன்னதுதான் நான் இவ்வளவு நேரம் எழுதியது. வேண்டுமானால் ஒரு காட்சியை மட்டும் இரண்டு விதமாகவும் எழுதி வீட்டில் வாசித்துக் காட்டுங்கள். எந்த இடத்தில் அவர்களுக்குக் கோபம் வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்த இடம்தான் உங்கள் படம்.

அசாம் பையனாக நம் ஊர்ப் பையனுக்குக் கண்ணுக்கு மேக்கப் போட்டு நடிக்க வைக்கலாம் என்று உங்களில் ஒருவர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். தயவுசெய்து வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை கஞ்சிக்கோட்டுக்குப் போய் மளிகைக் கடை வாசலில் நின்று பேசுங்கள். நாலு வருஷமாக இங்கே இருக்கிறவர்கள் மலையாளம் சரளமாகப் பேசுவார்கள், கொஞ்சம் தமிழும் வரும். வசனத்தை அவரிடம் காட்டி, இதை நீ இப்படிச் சொல்வாயா என்று கேளுங்கள். மற்றவர்களுக்கு என்ன கொடுக்கிறீர்களோ அதையே அவருக்கும் கொடுங்கள். ஷிஃப்ட் போனால் சம்பளம் போகும், அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. ரோசிக்கு நடந்ததை மறக்க வேண்டாம். படம் யூடியூபில் ஏறிய பிறகு நீங்கள் வீட்டுக்குப் போய்விடுவீர்கள். அந்தப் பையன் அதே சாலையில் இரவு ஷிஃப்ட் முடிந்து தனியாக நடந்து வருவான், அந்தப் பெண் மறுநாள் அதே பஸ்ஸில் ஏறுவாள். இருவரிடமும், பெண்ணின் அம்மாவிடமும், முழுக் கதையையும் மறைக்காமல் சொல்லிச் சம்மதம் வாங்குங்கள். கை பிடிக்கிற காட்சி வேண்டாம் என்று யாராவது சொன்னால் விட்டுவிடுங்கள். எடிட் முடிந்ததும் முதலில் அவர்களுக்குக் காட்டுங்கள், எடுக்கச் சொன்னதை எடுங்கள். யார் வீட்டிலாவது மிரட்டல் வந்தால் என்னையும் நூலகச் செயலாளரையும் கூப்பிடுங்கள், நாங்கள் வந்து பேசுகிறோம்.

நூலகத்தில் திரையிடுவதாக இருந்தால் சனிக்கிழமை வேண்டாம், ஞாயிறு மாலை வையுங்கள். கஞ்சிக்கோட்டுக்காரர்களுக்கு அன்றுதான் லீவு.